சுனைக்குவளை

சுனைக்குவளை மலைச்சுனைகளில் பூக்கும் நீலநிற நீர்மலர். கருங்குவளை, நீலம், காவி, உற்பலம், நீலோற்பலம் என்னும் பெயர்களும் இதற்கு உண்டு. பேச்சுவழக்கில் நீலத்தாமரை, நீல அல்லி என்று கூறப்படுகிறது. சங்க இலக்கியம், முருக வழிபாடு, கோயில் சிற்பம், மரபு மருத்துவம் ஆகியவற்றில் இடம்பெற்ற மலர் இது.

தாவர அடையாளம்

குவளையின் தாவரவியல் பெயர் நிம்ஃபேயா நௌசாலி. நீலத்தாமரை என்று அழைக்கப்பட்டாலும் இது தாமரை அன்று, அல்லிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாமரை இலை நீர்மட்டத்துக்கு மேலே எழுந்து வட்டமாக நிற்கும். குவளை இலை நீரில் மிதக்கும். காம்பு சேரும் இடத்தில் பிளவு இருக்கும். தாமரையின் காய் நீருக்கு மேலே முற்றும், குவளையின் காய் நீருக்குள் முற்றும். வெள்ளாம்பல் இரவில் மலர்வது, குவளை பகலில் மலர்வது. குவளை, நெய்தல், கழுநீர் ஆகிய பெயர்கள் எந்தெந்தச் செடியைக் குறிக்கின்றன என்பதில் உரையாசிரியர்களும் தாவரவியலாளர்களும் ஒத்த கருத்து உடையவர்கள் அல்லர்.

மலையின் மலர்

நீர்மலர்கள் வயலுக்கும் கடற்கரைக்கும் மட்டும் உரியவை அல்ல. நாற்கவிராச நம்பியின் நம்பியகப்பொருள் தாமரையையும் கழுநீரையும் மருதத்துக்கும், நெய்தலை நெய்தல் திணைக்கும், சுனைக்குவளையைக் குறிஞ்சிக்கும் உரிய மலர்களாகக் கூறுகிறது. பாறை இடுக்குகளில் ஆண்டு முழுவதும் நீர் தங்கும் சுனைகளே மலையில் குவளை வளர இடம் தந்தன. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த சேர்வராயன் மலையில் உள்ள ஏற்காட்டின் பெயர், ஏரியும் காடும் சேர்ந்து உருவானதாக விளக்கப்படுகிறது. மலையும் நீர்நிலையும் இணைந்த நிலத்தோற்றத்தை இப்பெயர் காட்டுகிறது.

நற்றிணையின் 34-ஆம் பாடலில் தெய்வம் உறையும் சுனையில் யாரும் பறிக்காத குவளை பூத்திருக்கிறது. சூரரமகளிர் அதைக் காந்தளோடு சேர்த்துக் கட்டிச் சூடி ஆடுகின்றனர். தெய்வச்சுனையின் மலரை மனிதர் தொடுவதில்லை என்ற நம்பிக்கை இதில் தெரிகிறது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர்களிலும் குவளை உண்டு. பரிபாடலின் இரண்டாம் பாடலில் நெய்தல், குவளை, ஆம்பல் ஆகியவை பேரெண்களின் பெயர்களாக வருகின்றன.

வழிபாடும் சிற்பமும்

குவளைக்கும் மலைக்கும் உள்ள தொடர்பு திருத்தணியில் தொடர்கிறது. இந்திரன் அங்குள்ள சுனையில் நீலோற்பலத்தை நட்டு, அதன் மலர்களால் நாள்தோறும் மூன்று வேளையும் முருகனை வழிபட்டதாகத் தலபுராணம் கூறுகிறது. உற்பலகிரி, காவிமலை என்னும் பெயர்கள் தணிகைக்கு இவ்வாறு அமைந்தவை.

சிற்ப மரபில் திருமாலின் தேவியரில் திருமகள் தாமரையையும் நிலமகள் நீலோற்பலத்தையும் ஏந்துவர். முருகனின் தேவியரில் தெய்வயானையின் கையில் நீலோற்பலம் இருக்கும். திருவாரூர்க் கோயிலில் அம்மன் நீலோற்பலாம்பாள் என்ற பெயருடன் தனிச் சன்னிதியில் விளங்குகிறார். முத்துசுவாமி தீட்சிதர் இவ்வம்மன் மீது கீர்த்தனைகள் இயற்றினார்.

உணவும் மருந்தும்

அல்லி இனத்தின் விதையும் கிழங்கும் உணவாயின. கணவனை இழந்த பெண் ஒருத்தி, இளமையில் தழையாடையாக அணிந்த ஆம்பலின் அல்லியரிசியை இப்போது உண்டு வாழ்வதை ஒக்கூர் மாசாத்தனாரின் புறநானூற்றுப் பாடல் (248) சொல்கிறது. ஒரே செடி மகிழ்ச்சிக்கும் துயரத்துக்கும் சாட்சியாகிறது. சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் குவளையின் பூவும் கிழங்கும் உடல்சூடு, எரிச்சல், குருதிப்போக்கு ஆகியவற்றுக்குப் பயன்படுத்தப்பட்டன.

பிற நாடுகளில்

பண்டை எகிப்தின் நீல அல்லியான நிம்ஃபேயா செருலியா குவளைக்கு நெருங்கிய உறவுடையது. 1922-இல் கண்டறியப்பட்ட துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த மலர்மாலைகளில் அதன் இதழ்கள் இருந்தன. இணையத்தில் நீலத்தாமரை என்ற பெயரில் விற்கப்படும் உலர்பூக்கள் பெரும்பாலும் இந்த எகிப்திய மலரின் பெயரால் விற்கப்படுபவை. அதன் மயக்கும் தன்மை பற்றிய கூற்றுகளைத் தமிழ் மரபின் குவளைக்கு ஏற்றிக் கூறுவது பொருந்தாது.

இலங்கை 1986-இல் நீல அல்லியை (நில் மானெல்) தேசிய மலராக அறிவித்தது. தேசிய மலர் என்று பரவலாகக் காட்டப்பட்ட ஊதா மலர், உள்நாட்டுக் குவளை அன்று, வெளியிலிருந்து வந்த கலப்பின அல்லி என்று பின்னர் அந்நாட்டுத் தாவரவியலாளர்கள் சுட்டிக்காட்டினர்.

இன்றைய நிலை

அழகுக்காக வளர்க்கப்படும் கலப்பின அல்லிகள் குளங்களிலும் தொட்டிகளிலும் பெருகியுள்ளன. குளங்களும் சுனைகளும் தூர்ந்துபோகும் இடங்களில் குவளையும் மறைகிறது. செடி கண்ணிலிருந்து மறையும்போது அதன் பெயர் வேறு மலருக்குச் சென்றுவிடுகிறது. பாடலையும் மருந்தையும் சரியாக அறிய, அவை குறிக்கும் செடி அதற்குரிய நீரில் எஞ்சியிருக்க வேண்டும்.