மரம் ஏடான வரலாறு



பால்மரத்தோடும் செம்பனையோடும் உழைக்கும் நமக்கு மரம் புதிதல்ல. ஆனால் நம்ம பிள்ளைகள் எழுதுகிற நோட்டுப் புத்தகமும் ஒரு காலத்தில் மரமாக நின்றதுதான் என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

கி.பி. 105-இல் சீன அரண்மனை அதிகாரி சாய் லூன், மரப்பட்டை, கந்தல் துணி, பழைய மீன்வலை ஆகியவற்றைக் கூழாக்கிக் காகிதம் செய்யும் முறையை மன்னருக்கு அறிவித்தார். பிற்காலத்தில் ஐரோப்பாவில் கந்தலே மூலப்பொருளாயிற்று. அச்சு பெருகப் பெருகக் கந்தலுக்கே பஞ்சம்! ஏழை வீட்டில் புத்தகம் ஏது?

குளவி மரத்தைச் சுரண்டி மென்று கூடு கட்டுவதைக் கவனித்த பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர், மரத்திலும் காகிதம் செய்யலாமே என்று 1719-இல் சொன்னார். 1844-இல் ஜெர்மானியர் கெல்லர், மரக்கட்டையை ஈரமான சாணைக்கல்லில் அழுத்தி அரைத்துக் கூழ் எடுத்தார். காப்புரிமையைப் புதுப்பிக்கக் காசில்லாமல் அவர் பலனை இழந்தார். உலகமோ மலிவான காகிதத்தைப் பெற்றது. பத்திரிகையும் பாடநூலும் உழைப்பாளி வீட்டுக்கும் வந்தன.

ஆனால் ஒரு குறை. மரத்தின் நார்களை ஒட்டிவைத்திருப்பது லிக்னின் என்னும் பசை. அரைத்த கூழில் அது அப்படியே தங்கிவிடும்; வெயில் பட்டால் தாள் மஞ்சளாகும். பின்னர் மரச் சில்லுகளை இரசாயனத்தில் வேகவைத்து அந்தப் பசையைப் போக்கும் முறைகள் வந்தன. இதில் மரத்தில் ஏறக்குறையப் பாதிதான் கூழாகத் தேறும். ஆனால் தாள் நீண்ட நாள் நிற்கும்.

மரத்துக்கு மரம் குணமும் வேறு. பைன், ஸ்ப்ரூஸ் மர நார் சுமார் 3 மில்லிமீட்டர் நீளம். சிமெண்டுப் பைக்கு ஏற்ற உறுதி தரும். யூக்கலிப்டஸ், அக்காசியா நார் சுமார் 1 மில்லிமீட்டர்தான். எழுதுவதற்கு வழவழப்பான தாள் தரும். ஆஸ்திரேலியாவிலிருந்து 1966-இல் சபாவுக்குக் கொண்டுவரப்பட்ட அக்காசியா மாஞ்சியம், பிறகு காகிதக் கூழுக்காகவே அங்கே பெருமளவில் நடப்பட்டது.

பெற்றோர்களே! பிறப்புப் பத்திரம் இல்லாமல் குடியுரிமைக்கு அலைந்த குடும்பங்களை நாம் அறிவோம். தோட்டங்கள் கைமாறி, எத்தனையோ தோட்டப் பள்ளிகள் மூடப்பட்டதையும் கண்டோம். அங்கே நம்மவர் வாழ்ந்ததற்கும் படித்ததற்கும் சாட்சி, பழைய பத்திரங்களும் சான்றிதழ்களும் பள்ளி மலர்களுமே. வெயில், ஈரம், கரையான் படாமல் அவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

மாணவர்களே! மரம் தன்னைக் கொடுத்துத் தாளாகிறது. வீணாக ஒரு பக்கத்தையும் கிழிக்காதீர்கள், எழுதி நிரப்புங்கள்.