நரம்பின் வழியே சென்ற நோய்

கறுத்திருக்க வேண்டிய கண்மணி, விளக்கொளி ஒரு பக்கமாய்ப் படும்போது பூனையின் கண்போல வெளேரென்று மின்னுவதை எக்காலத்திலும் முதலில் கண்டவள் பெற்ற தாயாகவே இருப்பாள். வைத்திய சாஸ்திரம் அதைக் கண்டுகொள்ள வெகுகாலம் சென்றது. 1597-ஆம் வருஷம், ஹாலந்து தேசத்து லெய்டன் சர்வகலாசாலையின் சரீர சாஸ்திர ஆசிரியரான பீட்டர் பாவ், மூன்று வயதுக் குழந்தையொன்றின் பிரேதத்தைப் பரிசோதித்து, இடக் கண்ணிலிருந்து கிளம்பி இரண்டு கைம்முட்டி அளவுக்கு வளர்ந்திருந்த கட்டியினுள்ளே மூளையைப் போன்றதொரு பதார்த்தம் தடித்த ரத்தத்தோடு கலந்து நிறைந்திருந்ததென்று எழுதிவைத்தார். இன்று ரெட்டினோபிளாஸ்டோமா என வழங்கும் விழித்திரைப் புற்றுநோயின் மிகப் பழைய வர்ணனை அதுவென்பது அறிஞர் அபிப்பிராயம்.

அதற்குப் பின் இருநூறு வருஷம், கண்ணில் தோன்றும் சகலவிதக் கட்டிகளோடும் இதுவும் ஒன்றாகவே எண்ணப்பட்டுக் கிடந்தது. அந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் எடின்பரோ நகரத்து ஜேம்ஸ் வார்டிராப். 1809-ல் மிருதுவான புற்றைப் பற்றி அவர் ஒரு நூல் வெளியிட்டபோது அவருக்கு வயது இருபத்தேழுதான். கண்ணுக்குள் நோக்கும் கருவி கிடையாது. திசுக்களைப் பூதக்கண்ணாடியில் வைத்து ஆராயும் வழக்கமும் இன்னும் பிறக்கவில்லை. அறுத்தெடுத்த விழிகளையும் இறந்த குழந்தைகளின் மூளைகளையும் வெறுங்கண்ணால் பார்த்தே, இந்நோய் பெரும்பாலும் விழித்திரையில்தான் உற்பத்தியாகிறதென்றும், பார்வை நரம்பு தடித்தும் நிறம் மாறியும் இருப்பதால் அதன் வழியாகவே மூளையைச் சென்று பற்றுகிறதென்றும் அவர் தீர்மானித்தார். வார்டிராப்பின் பெருமையெல்லாம் இந்த ஒரு வழியைக் கண்டதில் இருக்கிறது என்பேன். நோயின் பெயர்களைப் பிற்காலத்தார் பலமுறை மாற்றினார்கள், அவர் காட்டிய பாதையை மாற்ற ஒருவராலும் முடியவில்லை.

பாதை தெரிந்ததும் உபாயமும் தெரிந்தது: நோய் நரம்பில் இறங்குமுன் கண்ணை எடுத்துவிட வேண்டும். ஆனால் குளோரபாரத்தின் மயக்கும் குணம் அதே எடின்பரோவில் கண்டறியப்பட்டது 1847-ல். அதற்கு முன்பு, விழித்திருக்கும் சிசுவைப் பிறர் பிடித்துக்கொள்ள, பார்வைக்கு இன்னும் அழகாயிருக்கும் கண்ணைத் தோண்டி எடுக்க எந்தத் தகப்பன் சம்மதிப்பான்? ஆகவே கண் பிதுங்கிய பிறகே குழந்தைகள் வந்தன, வந்தவை பிழைக்கவில்லை. உபதேசம் சரியாயிருந்தும் அதன் பலனை உபதேசித்தவர் காணாத துர்ப்பாக்கியம் அது.

1851-ல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைக் காணும் கருவியைச் செய்தார். பெர்லினில் வான் கிரேஃப் என்னும் கண் வைத்திய சிரேஷ்டர், விழியோடு பார்வை நரம்பையும் இயன்றமட்டும் நீளமாக வெட்டியெடுக்க வேண்டுமென வற்புறுத்தினார். பார்வை நரம்பு மூளையிலிருந்தே கிளைத்து வளர்வது. மூளையைப் போர்த்திய அதே மூன்று சவ்வுகள் அதையும் போர்த்தியிருக்கின்றன. மூளையைச் சுற்றி நிற்கும் நீரே அச்சவ்வுகளின் இடையிலும் நிற்கிறது. புற்றணுக்கள் சில அந்த நீரில் கலந்தால், முதுகுத்தண்டு ஈறாக அவை சஞ்சரிக்கத் தடையில்லை. அதனாலேதான் இன்றும் ரண சிகிச்சை நிபுணர் விழியை மெல்ல முன்னிழுத்து, வளைந்த கத்திரியைப் பின்னே ஆழச் செலுத்தி நரம்பைத் துண்டிக்கிறார். அந்த வெட்டுமுனையை விழியினின்று தனியே பிரித்துப் பரிசோதிக்கிறார்கள். முனையில் புற்றணு இருந்தால், கண்ணை எடுத்ததோடு காரியம் முடியவில்லை என்று பொருள்.

முறை திருந்தத் திருந்தப் பிழைத்தவர் தொகையும் ஏறியது. 1869-ல் ஜெர்மானிய வைத்தியர் ஹிர்ஷ்பெர்க்கின் கணக்கில் நூற்றுக்கு 5 பேர். 1897-ல் வியன்னாவின் விண்டர்ஸ்டைனர் கணக்கில் 17.

பிழைத்தவர் பெருகியதால் வேறோர் உண்மை வெளிப்பட்டது. 1872-ல் ரியோ டி ஜெனீரோவில் ஹிலாரியோ டி கூவேயா என்பவர் ஓர் ஆண் குழந்தையின் கண்ணை எடுத்துக் காப்பாற்றினார். அவன் வளர்ந்து விவாகம் செய்துகொள்ள, அவனுடைய பெண்மக்கள் இருவருக்கு இதே நோய் இரு கண்களிலும் தோன்றியது. வம்சத்தில் வருவது எது, வராதது எது என்னும் கேள்விக்கு, 1971-ல் அமெரிக்கரான நட்சன் 48 பிள்ளைகளின் சரித்திரத்தைக் கணக்கிட்டு ஒரு விடை கண்டார். உயிரணு ஒன்றில் இரண்டு மாறுதல்கள் நேர வேண்டும், வம்ச வழியே வருவோர்க்கு முதலாவது பிறக்கும்போதே அமைந்துவிடுகிறது என்பது அது. அதற்குக் காரணமான மரபணு, பதின்மூன்றாம் குரோமோசோமிலிருந்து 1986-ல் பிரித்தெடுக்கப்பட்டது. வம்ச வழியே நோயுற்ற குழந்தைகள் சிலருக்கு மூளையின் நடுவிலுள்ள பீனியல் சுரப்பியிலும் கட்டி உண்டாகிறது. கண்ணிலிருந்து பரவாமல், அங்கேயே தனித்துப் பிறக்கும் கட்டி அது. வார்டிராப் அறியாத விஷயம் இது.

இன்று செல்வ தேசங்களில் இந்நோயுற்ற குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் பிழைக்கின்றன. நோய் மூளையை எட்டிவிட்டாலோ, தீவிர மருந்துகளுக்குப் பின்னும் பிழைப்பவர் சிலரே. நம் நாட்டில் காலங்கடந்து வைத்தியசாலைக்கு வருவோர் இன்னமும் மிகுதி. ஆதலால் குழந்தையின் கண்மணியில், விளக்கொளியிலோ எடுத்த புகைப்படத்திலோ வெண்மை தெரிந்தாலும், புதிதாக மாறுகண் தோன்றினாலும், பாட்டி வைத்தியமும் நல்ல நாளும் பார்த்திராமல் உடனே கண் வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள்.