இருப்புப்பாதை ஓரத்துப் புத்தகச் சாலை

பிழைப்பின் பொருட்டு வடபுலத்தில் குடியேறிய தமிழர்க்கு ரயில் பயணத்தில் பழகிய பெயர்கள் இரண்டு உண்டு. ஒன்று வீலர், மற்றொன்று ஹிக்கின்பாதம்ஸ். நெடுவழிப் பயணத்தில் வீலர் கடைகள் மறைந்து, ஹிக்கின்பாதம்ஸ் பலகையின் கீழ்த் தமிழ் வார இதழ்கள் தொங்கக் கண்டால், ஊர் நெருங்கிவிட்டது என்று நெஞ்சு குளிரும். இவற்றுள் 1844-இல் சென்னையில் தோன்றிய ஹிக்கின்பாதம்ஸே மூத்தது. எனினும் ஏற்றமும் இறக்கமும் ஒருங்கே விளங்குவது வீலரின் கதையிலேதான்.

1877-ஆம் ஆண்டில், இன்று பிரயாக்ராஜ் என வழங்கும் அலகாபாத்தில், எமில் மோரோ என்ற பிரெஞ்சுக்காரர் இந்நிறுவனத்தைத் தொடங்கினார். உடன் நின்றவர் டி. கே. பானர்ஜி. பெயருக்குரிய வீலரோ லண்டன் நகரத்துப் புத்தக வணிகர். ரயில் நிலையத்தில் ஒரு மர அலமாரியே முதற்கடையாயிற்று என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

அக்காலத்தில் பயணமோ நீண்டது, பொழுதோ போகாது. 1888-இல் மோரோ ஒரு ரூபாய் விலையில் சிறு நூல் வரிசையொன்றை வெளியிட்டார். அதன் முதல் ஆறு நூல்களையும் எழுதியவர், அலகாபாத்தில் 'பயனியர்' பத்திரிகையில் பணியாற்றிய ருட்யார்ட் கிப்ளிங். அவற்றின் உரிமையை விற்றுப் பெற்ற 200 பவுன் அவர் இங்கிலாந்து செல்ல உதவியது. பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர், முதலில் ரயில் பயணிகளால் வாங்கிப் படிக்கப்பட்டவர் என்பது சுவையான செய்தியன்றோ!

காலப்போக்கில் நிறுவனம் பானர்ஜி குடும்பத்தார் கைக்கே வந்தது. பலகையில் மட்டும் வெள்ளையர் பெயர் நிலைத்தது. அப்பெயரே பின்னர் வினையாயிற்று. 2004-இல் ரயில்வே அமைச்சர் லாலு பிரசாத் வீலரின் ஏகபோகத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தபோது, அயல்நாட்டுப் பெயர் ஏன் என்ற பேச்சும் எழுந்தது. உரியவர்களோ தலைமுறைகளாக இந்நாட்டினர்! ஏகபோகம் நீங்கியது முறையே எனலாம். கூறிய காரணந்தான் பொருந்தவில்லை.

ஆயினும் சரிவுக்கு அந்த ஆணை மட்டுமே காரணமன்று. நீராவி எஞ்சின் தண்ணீருக்காக நெடுநேரம் நிற்கும். அதுவே கடைக்காரரின் வாணிப நேரம். டீசலும் மின்சாரமும் வந்தபின் அந்த நிறுத்தங்கள் சுருங்கின. குளிர்சாதனப் பெட்டியின் மூடிய கண்ணாடி, சன்னல் வழியே நாணயமும் இதழும் கைமாறிய வழக்கத்தை அடைத்துவிட்டது. எஞ்சிய பொழுதைக் கைப்பேசி கவர்ந்துகொண்டது. புத்தகத்தோடு தண்ணீர்ப் புட்டியும் பிஸ்கோத்தும் விற்றாலன்றி வாடகை தேறாது என்ற நிலை பல கடைகளுக்கு நேர்ந்தது.

2020 மார்ச்சில், பெருந்தொற்றினால் பயணிகள் ரயில்களே நின்றுபோயின. நடைமேடைக் கடைகளும் பூட்டப்பட்டன. 1941-இல் பிறந்த 'கல்கி' வார இதழ் அதே ஆண்டில் அச்சை விடுத்து மின்னிதழாக மாறியது.