ஒரே ஒரு 'ல': இன் பஸ்ஸா, ஆன் பஸ்ஸா?

இன்னைக்கு எபிசோட் எங்க ஊர்ப் பக்கத்துல இருந்தே ஆரம்பிக்குது. சோளிங்கர் ஸ்டேஷன்ல இறங்கினா சோளிங்கர் வந்துடாது. ஸ்டேஷன் இருக்கிறது பாணாவரத்துல. அங்கிருந்து பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடிச்சு இன்னும் பத்து கிலோமீட்டருக்கு மேல போனாத்தான் ஊர். நரசிம்மரைப் பார்க்க முதல் தடவை ரயில்ல வர்றவங்க பிளாட்பாரத்துல நின்னுட்டு 'மலை எங்கப்பா?'ன்னு தேடுவாங்க.

இதை இங்கிலீஷ்ல சொல்லிப் பாருங்க. 'ஐ ஆம் அட் சோளிங்கர்', 'ஐ ஆம் இன் சோளிங்கர்'. 'அட்' போட்டா பயணத்துல ஒரு புள்ளி, அதாவது ஸ்டேஷன். 'இன்' போட்டா ஊருக்குள்ள. பாணாவரம் பிளாட்பாரத்துல நிக்கிற ஒருத்தர் முதல் வாக்கியத்தைச் சொன்னா உண்மை, ரெண்டாவதைச் சொன்னா பொய். தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே வாக்கியம்தான்: 'சோளிங்கர்ல இருக்கேன்.'

அந்த 'ல'தான் இன்னைக்கு விஷயம். உங்ககிட்ட இருந்து அடிக்கடி வர்ற கேள்வி இது: இன் தி பஸ்ஸா, ஆன் தி பஸ்ஸா, பை பஸ்ஸா? இன்டர்வியூல 'எப்படி வந்தீங்க?'ன்னு கேட்கிறாங்க. வந்த வழி தெரியும், பஸ் நம்பர் தெரியும், டிக்கெட் விலைகூடத் தெரியும். ஆனா அந்தக் குட்டி வார்த்தை கிட்ட வந்ததும் நாக்கு நிக்குது. இஞ்சினியரிங் முடிச்ச பசங்க இந்த இடத்துல வாயை மூடிக்கிட்டு உட்கார்றதை நான் நிறையப் பார்த்திருக்கேன். ஸ்கூல்ல இதை ஒரு பட்டியலா கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்றாங்க. எனக்கு அந்தப் பட்டியல் மேல பெரிய மரியாதை இல்லை. அதுக்குப் பின்னாடி வண்டிகளோட வரலாறு இருக்கு, அது தெரிஞ்சா பட்டியலே தேவையில்லைன்னு நினைக்கிறேன்.

1856-க்குப் போவோம். அந்த வருஷம் ஜூலை 1-ம் தேதி தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் பாதை திறந்தது. ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும், சுமார் 100 கிலோமீட்டர். போட்டது மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. அரக்கோணம் தாண்டி நம்ம பாணாவரம் பக்கமாத்தான் அது வாலாஜாவுக்குப் போச்சு. 1862-ல அதே பாதை மேற்குக் கடற்கரையில இருக்கிற பேப்பூர் வரைக்கும் நீண்டுடுச்சு. இன்னைக்கு ஆம்பூர்லயும் ராணிப்பேட்டையிலயும் ஷூ கம்பெனிக்குப் போறவங்க, காலையில சென்னைக்கு ஓடுறவங்க எல்லாரும் உட்கார்ந்து போறது அந்தப் பழைய தடத்து மேலதான்.

'வாலாஜா ரோடு'ங்கிற பேரைக் கவனிச்சிருக்கீங்களா? அந்த 'ரோடு' சும்மா ஒட்டிக்கிட்டது இல்லை. 'இது வாலாஜா இல்லை, வாலாஜாவுக்குப் போற ரோடு இங்க இருக்கு'ன்னு அர்த்தம். ஆரணி ரோடும் அப்படித்தான். அதாவது ரயில்வேக்காரங்க 'அட்'டுக்கும் 'இன்'னுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பலகையிலயே எழுதி வெச்சுட்டாங்க. சோளிங்கருக்கு மட்டும் அந்த 'ரோடு' கிடைக்கலை. கிடைச்சிருந்தா பக்தர்களுக்குக் கொஞ்சம் அலைச்சல் மிச்சம்.

அதே 1856-ல இன்னொண்ணும் நடந்துச்சு. திருநெல்வேலிப் பக்கம் இடையன்குடியில இருந்த ராபர்ட் கால்டுவெல், திராவிட மொழிகளோட ஒப்பிலக்கணத்தை லண்டன்ல வெளியிட்டார். திராவிட மொழிகள்ல இந்த உறவுச் சொல்லெல்லாம் பெயருக்குப் பின்னாடி ஒட்டும், முன்னாடி வராதுன்னு அவர் ஒரு முக்கிய அடையாளமா சொல்றார். இலக்கணப் புத்தகம் எட்டு வேற்றுமைன்னு எண்ணினாலும், பின்னாடி ஒட்டுற ஒவ்வொரு சொல்லும் ஒரு வேற்றுமைதான், அதனால எண்ணிக்கைக்கு முடிவே இல்லைங்கிற மாதிரியும் வாதாடுறார்.

நம்ம 'ல' எவ்வளவு சிக்கனமானதுன்னு பாருங்க. பெட்டியில இருக்கு, மேசையில இருக்கு, ஸ்டேஷன்ல இருக்கு, பஸ்ல வந்தேன். உள்ளேயா மேலேயான்னு தமிழ் எல்லா நேரமும் கேட்காது. தேவைப்பட்டா மட்டும் 'உள்ள', 'மேல'ன்னு தனியா சேர்த்துக்கும். இங்கிலீஷ் அப்படி விடாது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பொருள் ஒரு பாத்திரமா, ஒரு தளமா, ஒரு புள்ளியான்னு முடிவு பண்ணிட்டுத்தான் வாயைத் திறக்கணும். நாக்கு நிக்கிறது அறிவு குறைஞ்சதால இல்லைங்க. நம்ம மொழி கேட்காத ஒரு கேள்விக்குப் பதில் தேட வேண்டியிருக்கு, அவ்வளவுதான்.

(யாழ்ப்பாணத்துக்காரங்க 'பஸ்ஸாலை இறங்கினேன்'ம்பாங்க. நம்ம 'பஸ்ல இருந்து'க்குப் பதிலா அவங்களுக்கு 'ஆல்'. தமிழுக்குள்ளயே இவ்வளவு இருக்கு.)

சரி, பஸ் ஏன் 'ஆன்', கார் ஏன் 'இன்'? இங்கதான் குதிரை வண்டி வருது. ரயில் வர்றதுக்கு முன்னாடி இங்கிலாந்துல ஊர் விட்டு ஊர் ஓடினது ஸ்டேஜ் கோச். அதுல ரெண்டு வகைப் பயணிங்க. உள்ளே உட்கார்றவங்க ஒரு வகை. கூரை மேல மழையிலயும் குளிர்லயும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்றவங்க இன்னொரு வகை. கூரைக்குக் கட்டணம் கிட்டத்தட்டப் பாதி. ஆக ஒரே வண்டியில 'இன்'னும் உண்டு, 'ஆன்'னும் உண்டு, பாக்கெட்ல எவ்வளவு இருக்குங்கிறதைப் பொறுத்து.

ரயில் வந்தப்போ பிரிட்டிஷ்காரங்க கோச் உலகத்துச் சொற்களை அப்படியே ஏத்திட்டாங்க. பெட்டிக்குக் கோச்னே பேரு. 'புக்கிங்'னு சொல்றோமே, அது கோச் ஆபீஸ்ல பயணியோட பேரை ஒரு புக்ல எழுதின வழக்கத்துல இருந்து வந்தது. 'கார்டு' யாருன்னா, தபால் கோச்சுக்குப் பின்னாடி திருடனுக்குப் பயந்து துப்பாக்கியோட உட்கார்ந்த காவல்காரர். அந்தப் பேர் நம்ம ரயில்வேயில 2022 வரைக்கும் இருந்து, அப்புறம்தான் 'டிரெயின் மேனேஜர்' ஆச்சு. ஆரம்ப கால பிரிட்டிஷ் ரயில் பெட்டியும் கோச் உடம்பை வரிசையா ஒட்டின மாதிரிதான் இருக்கும். தனித்தனி அறை, பக்கத்துல கதவு, நடுவுல நடக்க வழி கிடையாது. உள்ளே போய் அடைஞ்சு உட்காரணும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் எழுத்துல 'இன் தி டிரெயின்' ரொம்ப சாதாரணம்.

அமெரிக்காவுல வேற கதை. அவங்க ரயிலுக்கு நிறைய சொற்களைக் கப்பல்ல இருந்து எடுத்தாங்க. 'ஆல் அபோர்டு'ங்கிற கூவல் அப்படி வந்தது. 'போர்டு'ன்னா பழைய இங்கிலீஷ்ல பலகை, கப்பலோட பக்கச்சுவர். பெட்டியும் நீளமா, நடுவுல நடைபாதையோட இருந்துச்சு. ஆள் எழுந்து நடக்கலாம், கப்பல் தளத்துல நடக்கிற மாதிரி. 'ஆன் தி டிரெயின்' அங்க வேர் பிடிச்சு, இப்போ பிரிட்டன்லயும் அதுதான் சகஜம். வண்டியோட உருவமே சொல்லை முடிவு பண்ணிச்சுங்கிறது என் கணிப்பு. ஆனா இன்னைக்கு இருக்கிற வழக்கத்தோட அது அழகாப் பொருந்துது: எழுந்து நின்னு நடக்க முடிஞ்ச வண்டின்னா 'ஆன்', அதாவது பஸ், ரயில், கப்பல், விமானம். குனிஞ்சு நுழைஞ்சு உட்கார்றதுன்னா 'இன்', அதாவது கார், ஆட்டோ, டாக்ஸி. நம்ம மலைக்குப் போற ரோப் கார்கூட 'இன்'தான். காலை ரெண்டு பக்கமும் போட்டு மேல உட்கார்றதுன்னா திரும்பவும் 'ஆன்': குதிரை, சைக்கிள், பைக். அந்த ஆயிரத்து முந்நூறு சொச்சம் படியையும் ஏறியே போனீங்கன்னா 'ஆன் ஃபுட்'. 'பை வாக்' வேண்டாம்.

'லோயர் பெர்த்'துக்கு சண்டை போடுறோமே, அந்த பெர்த்தும் கப்பல்காரங்க சொல்தான். முதல்ல கப்பல் நிக்கிற இடம், அப்புறம் கப்பல்ல தூங்குற இடம், கடைசியா காட்பாடி தாண்டினதும் நீங்க குறட்டை விடுற இடம். ஐடி கம்பெனியில முதல் வாரம் 'ஆன்போர்டிங்'னு ஒண்ணு நடத்துறாங்களே, அதுவும் அதே பலகைதான். நான் கப்பல் எதையும் பார்க்கலை, லேப்டாப்தான் கொடுத்தாங்க.

அடுத்தது 'கெட் டவுன்'. நம்மள ரொம்பக் கேலி பண்றது இதை வெச்சுத்தான். 'ஐ காட் டவுன் ஃப்ரம் தி பஸ்'னு சொன்னா உடனே ஒருத்தர் திருத்த வருவார். அந்தக் காலத்து வண்டிக்குச் சக்கரம் பெருசு, உட்கார்ற இடம் உயரம். கோச்சுல இருந்து நிஜமாவே கீழே இறங்கணும். விக்டோரியா காலத்து நாவல்கள்ல ஆளுங்க வண்டியில இருந்து 'கெட் டவுன்' பண்ணிக்கிட்டே இருப்பாங்க. இங்க அந்தச் சொல் வந்தப்போ நம்ம கிட்ட 'இறங்கு' தயாரா இருந்துச்சு, ரெண்டும் கச்சிதமாப் பொருந்திடுச்சு. இந்திக்காரங்களுக்கு 'உதர்னா', அதே பொருத்தம். இங்கிலாந்துல வண்டி தாழ்ந்தது, பிளாட்பாரம் உயர்ந்தது, சொல்லும் நகர்ந்துடுச்சு. நாம அதை விடலை. அதைத் தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. ஆனா வெளிநாட்டு ஆள்கிட்ட பேசும்போது 'ஆன்'ல ஏறினதுல இருந்து 'கெட் ஆஃப்', 'இன்'ல ஏறினதுல இருந்து 'கெட் அவுட் ஆஃப்'. ஏறின வழியிலயே இறங்குறோம், அவ்வளவுதான் கணக்கு.

தமிழ்ல எழுதினா அந்த ரெண்டு 'ஆஃப்'பும் ஒரே மாதிரி தெரியுதா? ஒரு காலத்துல இங்கிலீஷ்லயும் அது ஒரே சொல்தான். அழுத்திச் சொன்ன வடிவம் தனியாப் பிரிஞ்சு இன்னொரு சொல்லா முழுசா நிலைச்சது 1600-க்கு அப்புறம்தான்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். 1820-கள்ல பிரான்ஸ்ல நான்ட் நகரத்துல எல்லாரும் ஏறலாம்னு ஒரு குதிரை வண்டி ஓடிச்சு, பேரு 'ஆம்னிபஸ்'. 1829-ல ஜார்ஜ் ஷில்லிபியர் அதை லண்டன்ல ஓட்டினார். ஆம்னிபஸ் லத்தீன் சொல், 'எல்லாருக்கும்'னு அர்த்தம். 'ஆம்னி'தான் 'எல்லா'ங்கிற பகுதி. கடைசியில இருக்கிற 'பஸ்' வெறும் வேற்றுமை உருபு, நம்ம 'க்கு' மாதிரி. இங்கிலீஷ்காரங்க முன்னாடி இருந்ததை வெட்டிப் போட்டுட்டு உருபை மட்டும் வெச்சுக்கிட்டாங்க. 'எல்லாருக்கும்'ல இருந்து 'க்கும்'மை மட்டும் பிச்சு எடுத்து, 'ஏம்ப்பா, நாலு மணி க்கும் போயிடுச்சா?'ன்னு கேட்கிற மாதிரி! நாம எந்த உருபைப் போடறதுன்னு பயப்படுறோமே, அந்த வண்டியோட பேரே ஒரு உருபு.

அந்த வண்டியில நம்ம கண்டக்டர் என்ன சொல்றார்? நிறுத்தணும்னா 'ஹோல்டான்'. கிளம்பணும்னா 'ரைட் ரைட்'. அந்த 'ஹோல்டான்'குள்ள ஒரு 'ஆன்' உட்கார்ந்திருக்கு, யாரும் அதைத் தனியாப் படிக்கலை. 'பிரேக் டவுன் ஆயிடுச்சு', 'பிக்கப் இல்லை', 'ஓவர்டேக் பண்ணாதே', 'டேக் ஆஃப் லேட்டு'. டவுன், அப், ஓவர், ஆஃப் எல்லாம் சரியான இடத்துல இருக்கு. மெக்கானிக் ஷெட்ல அஞ்சாவதோட படிப்பை நிறுத்தின தம்பிகூட 'பிரேக் அப் ஆயிடுச்சுண்ணே'ன்னு வண்டியைப் பத்திச் சொல்ல மாட்டான். வண்டியோட சேர்ந்து முழுசா வந்த சொற்களை நாம தப்பே இல்லாம எடுத்துக்கிட்டோம். பிரிச்சு பட்டியலா வந்ததுலதான் மாட்டிக்கிட்டோம்.

'இதெல்லாம் சரி, தப்பா சொன்னா என்ன குடியா முழுகிடும்?'னு கேட்பீங்க. பஸ்ல முழுகாது. தோல் ஏற்றுமதியில முழுகும். ஆம்பூர்ல ஷூ ஏற்றுமதிக்கு டாகுமென்ட் போடுற ஒரு தோழி எனக்கு இருக்காங்க, அவங்க தினமும் டைப் பண்றது 'எஃப்ஓபி சென்னை'. விரிச்சா 'ஃப்ரீ ஆன் போர்டு'. சரக்கு எந்த இடத்தைத் தாண்டினா நஷ்டம் வாங்குறவர் தலையில விழும்னு சொல்ற விதி இது. பாரிஸ்ல இருக்கிற சர்வதேச வணிகச் சபை 1936-ல இந்த விதிகளை முதல்ல வெளியிட்டுச்சு. ரொம்ப வருஷம் கோடு எங்க இருந்துச்சுன்னா, கப்பலோட 'ரயில்'ல. நம்ம ரயில் இல்லைங்க, கப்பல் ஓரத்துக் கைப்பிடிக் கம்பி. இங்கிலீஷ்ல 'ரெயில்'னா கம்பிதானே, நாமதான் கம்பியோட பேரை வண்டிக்கு வெச்சுட்டோம். கிரேன்ல தொங்குற பெட்டி அந்தக் கம்பிக்கு இந்தப் பக்கம் விழுந்தா நஷ்டம் ஆம்பூர்க்காரருக்கு, அந்தப் பக்கம் விழுந்தா ஜெர்மனிக்காரருக்கு. காத்துல தொங்குற பெட்டிக்குக் கோடு கிழிக்கிறது கேலிக்கூத்துன்னு பல பேர் சொல்லிச் சொல்லி, 2010 பதிப்புல கம்பியை எடுத்துட்டாங்க. இப்போ சரக்கு கப்பல் 'மேல' வைக்கப்பட்டிருக்கணும். ஆன் போர்டு. தொங்கிட்டிருந்து விழுந்தா அது ஆம்பூர்க்காரர் கணக்கு.

அந்தத் தோழிகிட்ட 'இன் தி பஸ்ஸா, ஆன் தி பஸ்ஸா?'ன்னு கேட்டேன். 'பஸ்ஸுக்கு எதைப் போட்டா என்ன, எஃப்ஓபில ஆன் போர்டு தேதி தப்பாப் போனா பேங்க்ல பணம் வராதுடா'ன்னாங்க.

அடுத்த எபிசோட்ல எதிர்த்திசை: கட்டுமரம் எப்படி இங்கிலீஷ் அகராதிக்குள்ள போச்சு, நம்ம 'வண்டி'யும் தெலுங்கு 'பண்டி'யும் சேர்ந்து எப்படி மெட்ராஸ் வெள்ளைக்காரங்க வாயில 'பேண்டி' ஆச்சுன்னு பார்ப்போம். உங்க ரூட் கண்டக்டர் 'ஹோல்டான்' தவிர வேற ஏதாவது சொன்னா, ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க. அவர்கிட்ட கேட்டுட்டு.