சுபிர் சைட்டின் இன்னொரு 1958

1958ஆம் ஆண்டு சுபிர் சைட்டின் பெயரில் இரண்டு இசைகள் இருக்கின்றன. ஒன்று, சிங்கப்பூர் நகர மன்றம் கேட்டுக்கொண்டதற்காக அவர் எழுதி இசையமைத்த ‘மஜுலா சிங்கப்பூரா’. இன்னொன்று, ‘சும்பா பொந்தியானாக்’ என்ற பேய்ப் படத்தின் இசை. முதலாவது இன்றைக்கும் தினமும் காலையில் பள்ளிக்கூடத் திடல்களில் ஒலிக்கிறது. இரண்டாவதைக் கேட்டவர்கள் எத்தனை பேர்? படத்தைப் பார்த்தவர்களிலேயே இது யார் இசை என்று கவனித்தவர்கள் குறைவுதான். ஒரே மனிதர், ஒரே வருஷம். ஆனால் நம் நினைவில் இரண்டுக்கும் சம இடம் இல்லை. எனக்கு இது ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிற விஷயம்.

சுபிர் சைட் 1907இல் சுமத்ராவின் புக்கிட்திங்கியில் பிறந்த மினாங்கபாவ்காரர். அப்பா கிராமத் தலைவர்; இசை மதத்துக்கு ஆகாது என்று நம்பியவர். பையனோ பள்ளித் தோழர்களிடம் புல்லாங்குழல் செய்யவும், சுரங்களை எண்களாக எழுதிப் படிக்கவும் கற்றுக்கொண்டான். மாலுமி நண்பர் ஒருவர் சிங்கப்பூரைப் பற்றிச் சொன்னதில் பளபளக்கும் விளக்குகள், வெண்ணெய், கோப்பி சூசூ எல்லாம் இருந்தன. 1928இல் கப்பலேறிவிட்டார். இங்கே வந்து சேர்ந்தது பங்சாவான் நாடகக் குழுவில். பிறகு ஹெச்.எம்.வி இசைத்தட்டு நிறுவனம், அதன் பிறகு ஷா சகோதரர்களின் மலாய்ப் படங்கள், கடைசியாக கேத்தே-கெரிஸ் ஸ்டூடியோ.

பங்சாவான் என்பது நம் ஊர் மேடை நாடகம் மாதிரிதான். ராஜா வருவார், பூதம் வரும், கோமாளி வருவான், நடுவில் பாட்டும் வரும். பயமும் சிரிப்பும் ஒரே மேடையில் இருக்கலாம் என்று அதைப் பார்க்க வந்த சனங்களுக்குத் தெரியும். அன்றைய மலாய்ப் பேய்ப் படங்கள் அந்த மேடையிலிருந்துதான் இறங்கி வந்தன.

இன்னொரு வழியும் உண்டு. பொந்தியானாக் படங்களை இயக்கிய பி.என். ராவ் இந்தியாவிலிருந்து வந்தவர். சிங்கப்பூருக்கு வருவதற்கு முன்பே தமிழில் ‘ரம்பையின் காதல்’ (1939), ‘சாலிவாகனன்’ (1945) போன்ற படங்களை எடுத்தவர். அந்தக் காலத்துத் தமிழ்ப் படம் பாட்டில்லாமல் நகராது. அந்தப் பழக்கத்தோடு வந்த இயக்குநரும் பங்சாவானில் ஊறிய இசையமைப்பாளரும் சேர்ந்தால் பேய்ப் படத்திலும் பாட்டு வரத்தானே செய்யும்? இன்றைக்கு நமக்கு அது வேடிக்கையாகத் தெரியலாம். அன்றைய பார்வையாளருக்கு அதுதான் சினிமா.

பொந்தியானாக்கைப் பற்றிக் கம்பத்தில் சொல்லும் ஒரு விஷயத்தை நினைத்துப் பாருங்கள். பிரசவத்தில் இறந்த பெண் பொந்தியானாக்காக வருவாள் என்பார்கள். செம்பங்கி மாதிரி ஒரு வாசனை வரும், தூரத்தில் நாய் ஊளையிடும். அழுகுரல் பலமாகக் கேட்டால் பயமில்லை, அவள் எங்கோ தூரத்தில் இருக்கிறாள். குரல் மெலிந்துகொண்டே போனால்தான் ஆபத்து. அப்போது அவள் பக்கத்தில் வந்துவிட்டாள்.

இது ஒலியைப் பற்றிய ஒரு கோட்பாடு. கிட்டே வரும் எதுவும் சத்தமாகக் கேட்கும் என்று பழகிய காதை இந்தக் கதை நம்பாதே என்கிறது. பேய்ப் படத்துக்கு இசையமைக்கிறவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. திடுமென்று தாளத்தைத் தட்டி ஆளைக் குதிக்க வைக்க யாராலும் முடியும். வாத்தியங்கள் அடங்கிய பிறகு காது தானாகவே எதையோ தேட ஆரம்பிக்குமே, அந்த நேரம்தான் பேயின் நேரம். பாட்டும் சிரிப்புமாகப் போகிற ஒரு படத்தில் அந்த அமைதி இன்னும் கனமாக விழுகிறது. ‘சும்பா பொந்தியானாக்’கை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள் என்று நண்பர்களிடம் நான் சொல்வது இதற்காகத்தான்.

ஆனால் கேட்பதற்கு மிச்சம் இருப்பதே கொஞ்சம்தான். மரியா மெனாடோ நடித்த முதல் ‘பொந்தியானாக்’ 1957 ஏப்ரலில் கேத்தே அரங்கில் வெளியாகி வாரக்கணக்கில் ஓடியது. அதே வருஷம் ‘டென்டாம் பொந்தியானாக்’ வந்தது. இந்த இரண்டு படங்களின் பிரதியும் இன்று இல்லை. தயாரிப்பாளர் ஹோ ஆ லோக் பிலிம் சுருள்களைத் தண்ணீரில் வீசிவிட்டார் என்று ஒரு கதை சொல்லப்படுகிறது. முதல் படத்தில் சத்தே விற்பவராக வந்து பாடிய நகைச்சுவை நடிகருக்கு ‘வாஹிட் சத்தே’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. படம் போய்விட்டது, அதன் ஒரு பாட்டு ஒரு மனிதரின் பெயருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

பாட்டுக்காவது அந்த வழி இருந்தது. அந்தக் காலத்தில் பாட்டுகள் இசைத்தட்டாக வரும், வானொலியில் போகும். பின்னணி இசைக்கு அப்படி ஒரு வாழ்க்கை கிடையாது. பிலிமின் ஓரத்தில் ஓடும் மெல்லிய ஒலிக் கோட்டில் வசனம், காலடிச் சத்தம், வயலின் எல்லாம் ஒன்றாகக் கலந்து பதிந்திருக்கும். இசையை மட்டும் தனியே உருவியெடுக்க முடியாது. பிலிம் அழிந்தால் இசையும் அதோடு சரி. ‘சும்பா பொந்தியானாக்’ தப்பியதால்தான் அதன் இசையும் தப்பியது. கேத்தே-கெரிஸின் மலாய்ப் படத் தொகுப்பை இப்போது ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பாதுகாக்கிறது. 2014இல் அது யுனெஸ்கோவின் உலக நினைவகத் திட்டத்தில், ஆசிய-பசிபிக் பதிவேட்டில் சேர்ந்தது.

1958 செப்டம்பர் 6ஆம் தேதி, புதுப்பிக்கப்பட்ட விக்டோரியா அரங்கில் ‘மஜுலா சிங்கப்பூரா’ முதன்முதலாக ஒலித்தது. வழங்கியது சிங்கப்பூர் சேம்பர் ஆன்சாம்பிள். அதை நிறுவியவர் பால் அபிஷேகநாடன் என்ற தமிழர். அடுத்த வருஷம் அது நாட்டின் கீதமானது. அதை மறக்க விடாமல் பார்த்துக்கொள்ள ஒரு அரசாங்கம் இருக்கிறது. பேய்ப் பட இசைக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? ஒரு ஊர் எதை நினைத்துப் பெருமைப்பட்டது என்பதைக் கீதம் சொல்லும். ராத்திரியில் அது எதற்குப் பயந்தது என்பதைத் தெரிந்துகொள்ள இந்தப் படங்களிடம்தான் போக வேண்டும். இரண்டையும் ஒரே கை எழுதியது நம் அதிர்ஷ்டம்.

படம் காப்பகத்தில் பத்திரமாக இருப்பது மட்டும் போதாது என்று நினைக்கிறேன். இசை தெரிந்த இளைஞர் யாராவது உட்கார்ந்து, வசனத்துக்கு நடுவிலும் கீறல் சத்தத்துக்கு நடுவிலும் அந்தப் பின்னணி இசையைக் காதால் பிடித்து எழுதி வைக்க வேண்டும். மேற்கத்திய நோட்ஸ் தெரியாவிட்டால் பரவாயில்லை. எண்களில் எழுதுங்கள். சுபிர் சைட் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டதும் அதைத்தான்.