வருமானச் சான்று கேட்காத சோறு: தமிழ்நாட்டு உணவுக் கொள்கையின் நூற்றாண்டு

தமிழ்நாட்டில் சத்துணவும் ரேஷன் அரிசியும் நிலைபெற்றதற்குத் தலைவர்களின் இரக்கத்தைக் காரணமாகச் சொல்வது வழக்கம். அந்த இரக்கம் மெய்யானதே. ஆனால் திட்டத்தைத் தொடங்கிவைக்க மட்டுமே அது போதும். ஆட்சிகள் மாறிய பிறகும் அடுப்பு அணையாமல் இருப்பதற்கு வேறு இரண்டு காரணங்கள் உண்டு. செலவுக்கு மாநில நிதிநிலை அறிக்கையில் நிலையான இடம் கிடைத்தது. பயன்பெற யாரும் தம் ஏழ்மையை மெய்ப்பிக்க வேண்டியிருக்கவில்லை. இவை இல்லாதபோது திட்டம் தளர்ந்ததையும், கூடியபோது வேரூன்றியதையும் வரலாறு காட்டுகிறது.

பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு வழங்கத் தீர்மானித்தது. ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது வரம்பு. மேலும் சில பள்ளிகளுக்கு அது விரிந்து, மாணவர் சேர்க்கையும் கூடியது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியை உணவுக்குச் செலவிட அரசு மறுத்ததால் 1925இல் நின்றுபோனது. பசி தீர்ந்து அது நிற்கவில்லை. எந்தக் கணக்கில் எழுதுவது என்ற கேள்வியில் நின்றது. 1956இல் காமராசர் ஆட்சியில், பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் முயற்சியோடு மதிய உணவு மாநிலமெங்கும் பரவத் தொடங்கியது. ஊராரின் நன்கொடையைத் திரட்டிப் பள்ளியை ஊர்ப் பொறுப்பாக்கியது அதன் பெருமை. ஆயினும் கொடுப்பவரின் மனத்தையும் கையிருப்பையும் நம்பிய ஏற்பாட்டில், உணவை உரிமையென்று கேட்க வழியில்லை.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டம் இக்குறையைக் களைந்தது. கிராமப்புறக் குழந்தைகளில் தொடங்கி, அதே ஆண்டு நகரங்களுக்கும், 1984இல் 15 வயது வரையிலும் விரிந்தது. மையந்தோறும் அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என ஊதியம் பெறும் பணியாளர்கள் வந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். சங்கமாகத் திரளக்கூடிய பணியாளரும், நாள்தோறும் தட்டேந்தும் பிள்ளைகளின் பெற்றோரும் திட்டத்துக்குக் காவலானார்கள். 1989இல் ஆட்சிக்கு வந்த திமுக அதை நிறுத்தவில்லை, முட்டையைச் சேர்த்தது.

ரேஷன் கடையிலும் இதே பாடம்தான். 1997இல் மத்திய அரசு குடும்பங்களை வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தபோது தமிழ்நாடு அப்பிரிவினையை ஏற்கவில்லை. பின்னர், குறிப்பிட்ட வருமானத்துக்கு மேற்பட்டோரின் அட்டையில் ‘எச்’ முத்திரையிட்டு விலக்கும் முயற்சி மாநிலத்திலேயே நடந்தது. 2004 மக்களவைத் தேர்தல் தோல்வியை அடுத்து அரசே அதைக் கைவிட்டது. 2016 நவம்பரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இணைந்தபோதும், அனைவருக்குமான வழங்கலை மாநிலம் விடவில்லை.

வசதியுள்ளவருக்கு எதற்கு அரிசி என்ற கேள்வி நியாயமானது. ஆனால் தகுதியற்ற ஒருவர் அரிசி வாங்குவதால் அரசுக்குச் சில ரூபாய் நட்டம். தகுதியுள்ள குடும்பம் விடுபட்டால் அங்கே உலை கொதிக்காது. ஒருநாள் கூலியை இழந்து வருமானச் சான்றுக்கு அலைய முடியாதவரே அதிகம் விடுபடுவார். இவையெல்லாம் வாக்குக்கான இலவசங்கள் என்பது மற்றொரு வாதம். வாக்குக்கு அஞ்சித் திட்டத்தைக் காப்பது மக்களாட்சியின் குறையன்று, அதன் வேலை. அரசு தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டுமென்று 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டபோது, அது நடக்கக்கூடியதே என்பதற்குத் தமிழ்நாட்டின் 19 ஆண்டு நடைமுறை சான்றாக நின்றது.

சோறு மட்டும் ஊட்டமாகாது என்பதே வலுவான மறுப்பு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, வயதுக்கேற்ற உயரமில்லாத, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இந்தியாவில் 35.5 விழுக்காடு, தமிழ்நாட்டில் 25. ஆனால் இங்கே 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை. இது பொதுவழங்கலைச் சுருக்கச் சொல்லும் காரணமன்று. தட்டில் பருப்பும் கீரையும் கூட வேண்டும் என்பதற்கான காரணம். 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய காலை உணவுத் திட்டம் அத்திசையில் ஓர் அடி. அடுத்த கோரிக்கைகள் இரண்டு: உணவின் தரத்துக்கு உறுதியான ஒதுக்கீடு, சமைக்கும் பெண்களுக்கு முறையான காலமுறை ஊதியம். இவற்றுக்கு நிதியில்லை என்று சொல்லும் எந்த அரசுக்கும், 1925இல் கணக்குத் தலைப்பைக் காரணங்காட்டி ஒரு நல்ல திட்டம் நிறுத்தப்பட்டதை நினைவூட்டும் கடமை நமக்கு உண்டு.