பழுது நீங்கிய பின்னும் எஞ்சும் இழப்பு: விபத்துக் காரின் விலைச்சரிவும் இழப்பீட்டுரிமையும்

விபத்தில் சிக்கிய காரைப் பட்டறையில் எவ்வளவு செம்மையாகச் சீர்செய்தாலும் சந்தை அதைப் பழைய விலைக்கு ஏற்பதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துக் கறம்பக்குடி போன்ற ஊரில், வாங்க வருபவர் மெக்கானிக்கைக் கொண்டு பெயின்ட்டையும் சேஸிஸையும் சோதிக்கும் முன்பே, அது ‘அடிபட்ட வண்டி’ என்ற சேதி அவர் காதுக்கு எட்டிவிடும். 6 லட்சம் ரூபாய் பெறும் காரை 1.2 லட்சம் செலவிட்டுச் சீர்செய்த பிறகும் 5.2 லட்சத்துக்கே கேட்கிறார்கள் எனக் கொள்வோம். குறைந்த 80,000 ரூபாய்க்கு யார் பொறுப்பு? தவறிழைத்த வண்டியின் தரப்பே பொறுப்பு. அதைக் கோரச் சட்டத்தில் இடம் உண்டு, தடையாக நிற்பது சான்றின்மையே என்பது இக்கட்டுரையின் வாதம்.

சொந்தப் பாலிசியில் இதற்கு வழியில்லை. 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண விதிகள் வகுத்த பாலிசி வாசகம், விளைவுவழி இழப்பையும் தேய்மானத்தையும் வெளிப்படையாக விலக்குகிறது. ‘ஐடிவி’ எனப்படும் காப்பீட்டு மதிப்பில் ஐந்தாம் ஆண்டில் 50 விழுக்காடு கழிவதும் வண்டியின் வயதுக்காகவே, விபத்துக்காக அன்று. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில உச்ச நீதிமன்றம் 2001இல், பாலிசிதாரரின் விலைச்சரிவையும் காப்பீட்டு நிறுவனம் மதிப்பிட வேண்டும் என்றது. அது அங்குள்ள பாலிசி வாசகத்துக்குக் கொடுத்த பொருள். விலக்கு வெளிப்படையாக உள்ள நம் பாலிசிக்கு அது பொருந்தாது.

எதிர்த்தரப்பு மீதான கோரிக்கை வேறு வகையது. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 165ஆம் பிரிவு மூன்றாம் தரப்பினரின் உடைமைச் சேதத்தைத் தீர்ப்பாயத்தின் வரம்புக்குள் வைக்கிறது; 166ஆம் பிரிவு உடைமையாளரை மனுதாரராக ஏற்கிறது; 168ஆம் பிரிவு ‘நியாயமான’ இழப்பீட்டை வழங்கச் சொல்கிறது. பழுதுச் செலவோடு நிறுத்திக்கொள் என்று இவற்றில் எதுவும் கூறவில்லை. விபத்து வேறு மாவட்டத்தில் நடந்திருந்தாலும், கறம்பக்குடிக்காரர் தாம் வசிக்கும் எல்லைக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம். சட்டம் தரும் கெடு 6 மாதம்.

‘விற்காத வண்டிக்கு நட்டம் ஏது?’ என்பது வழக்கமான மறுப்பு. இழப்பு மோதிய நாளிலேயே நேர்ந்துவிடுகிறது. பிந்தைய விற்பனை அதற்குச் சான்று மட்டுமே. இங்கிலாந்தின் பேட்டன் எதிர் புரூக்ஸ் வழக்கில் (1974) மேல்முறையீட்டு நீதிமன்றம் இத்தகைய இழப்பைக் கோரலாம் என்று கொள்கையளவில் ஏற்றது; ஆயினும் வாதி தோற்றார், இழப்பை நிறுவ முடியாததால். இரட்டை ஆதாயம் என்ற மறுப்பும் நிற்காது: சொந்தப் பாலிசி தருவது பழுதுச் செலவு, விலைச்சரிவு அதில் அடங்குவதே இல்லை.

ஆகவே வழக்கின் உயிர் சான்றில்தான் இருக்கிறது. வாய்ப்பேச்சில் விலை படியும் ஊர்களில் ‘இவ்வளவுக்குத்தான் கேட்டார்கள்’ என்ற சொல் போதாது. விபத்துக்கு முந்தைய மதிப்பு, மாற்றிய பாகங்களைத் தனித்தனியே காட்டும் பட்டறை பில், புகைப்படங்கள், உரிமம் பெற்ற சர்வேயரின் மதிப்பீடு ஆகியவை வேண்டும். பம்பர் மட்டும் மாற்றிய வண்டிக்கு இக்கோரிக்கை பொருந்தாது; சேஸிஸ் வளைந்த வண்டிக்குப் பொருந்தும். இந்த வேறுபாட்டைப் போற்றி, விலைச்சரிவைத் தனித் தலைப்பாகத் தீர்ப்பாயங்கள் விசாரிப்பதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 168ஆம் பிரிவே போதும்.